கருநீலம் ஏற்றாத துப்பாக்கி

கெர்வில், டெக்சாஸ்
மார்ச் 4, 1997

அண்ணா,

கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடாதே. முதலில் போன் பண்ணலாம் என்றுதான் நினைத்தேன். என் குரலைக் கேட்டதும் நீ வைத்துவிடுவாய். நீ வைக்காவிட்டால் நான் வைத்துவிடுவேன். கடிதத்தில் அந்த வசதி இல்லை.

நீ செய்த கைத்துப்பாக்கி ஒன்று என் மேஜைமேல் இருக்கிறது. இந்த ஊர் மாட்டு டாக்டர் மெக்ளாரி தன் மனைவிக்காக உன்னிடம் சொல்லிச் செய்த அதே துப்பாக்கிதான். இரும்பில் பூவேலை பொறிப்பதற்காக என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறார். நான் உன் தங்கை என்று அவருக்குத் தெரியாது. என் பட்டறைக் கதவில் இருப்பது என் வீட்டுக்காரர் எம்மெட்டின் பெயர், பிரூவிட். "மொண்டானாவுல ஹாக்லண்டுன்னு ஒருத்தர் இருக்காரும்மா. சிடுமூஞ்சி. ஆனா அந்த மனுஷன் கை இருக்கே, அடடா!" என்று என்னிடமே உன் புகழ் பாடினார். "சிடுமூஞ்சின்னு நானும் கேள்விப்பட்டிருக்கேன்" என்று சொல்லிவைத்தேன்.

பெட்டியைத் திறந்து எண்ணெய்த் தாளைப் பிரித்தேன். பொறிக்கிறவர்களுக்கு அனுப்பும் முறைப்படி, துருவைத் தடுக்கும் கருநீலம் ஏற்றாமல், வெறும் இரும்பாக, வெள்ளையாக அனுப்பியிருந்தாய். உன்னைத் திட்டவேண்டும் என்று வாயைத் திறந்துவைத்திருந்தேன். கையில் எடுத்ததும் அது தானாக மூடிக்கொண்டது.

எப்படி இதைச் செய்கிறாய்? மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடை இழுத்தால் இழுக்கிற மாதிரியே இல்லை. ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. விளிம்புகளை ஒரு மாதம் குளித்துத் தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி மழுக்கியிருக்கிறாய், ஆனாலும் ஒரு கோடுகூடக் கலங்கவில்லை. பக்கவாட்டில் ஜன்னல் சட்டத்தின் பிம்பத்தை விழவைத்துப் பார்த்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வளையாமல் ஓடியது. விசையை அழுத்தினேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, அப்புறம் டக்கென்று கண்ணாடிக் குச்சி ஒடிகிற மாதிரி விட்டது. குதிரைக்கு லாடம் அடித்துவிட்டு வந்த எம்மெட்டின் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, "இதைப் பிடிச்சப்புறம் என் சுத்தியலைப் பிடிக்கவே வெக்கமா இருக்குடி" என்றார்.

அப்புறம்தான் பிடிக்கட்டையைக் கழற்றினேன். அதன் அடியில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், நீ வழக்கமாகப் போடும் மூன்று கோடு இருந்தது. நம் ஊர்க் காற்றில் புல் சாய்ந்திருக்கிற மாதிரி வலப்பக்கம் சாயும் கோடு. இதில் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அரம் ஓடிய தடமும் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. பிடியின் முன்பக்கத்தில் விரல் வழுக்காமலிருக்க டாக்டர் கேட்டது, கோடும் குறுக்குக் கோடுமாக வரும் வைரக் கட்டம். நீ நேர்கோடு மட்டும் இழுத்துவிட்டு நிறுத்தியிருக்கிறாய்.

அண்ணா, நம் லிவிங்ஸ்டனில் காற்று திசை மாறிவிட்டதா? உன் வலது கைக்கு என்ன?

இதைக் கேட்கத்தான் எழுதினேன். சமாதானம் பேச அல்ல. அப்பாவின் துப்பாக்கியில் நீ செய்ததை நான் மறக்கவில்லை.

டாக்னி

*

லிவிங்ஸ்டன், மொண்டானா
மார்ச் 15

டாக்னி,

அடுப்பில் போடவில்லை.

காற்று அதே திசையில்தான் அடிக்கிறது. நேற்றுத் தபால்காரரின் தொப்பியைக் கொண்டுபோய்விட்டது. மனிதர் ரயில் பாதைவரை துரத்திக்கொண்டு ஓடினார்.

மூன்று கோடும் அவசரத்தில் கிழித்தது. நேர்கோடு இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். என் கை நன்றாக இருக்கிறது. டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டு ஜோசியம் பார்க்காதே.

டாக்டர் எதைப் பொறிக்கச் சொல்லியிருக்கிறார்? எல்லாவற்றையும் எழுதிவிட்டு அதைமட்டும் விட்டுவிட்டாய். மாட்டுத் தலை என்றால் துப்பாக்கியை உடனே திருப்பி அனுப்பு.

கடைசி வரி எனக்குப் புரியவில்லை. நான்கு தடவை படித்தும் புரியவில்லை. அப்பாவின் துப்பாக்கி என் கையால் செய்த முதல் துப்பாக்கி. அவருக்காகவே செய்தது. ரயில்வே பட்டறையில் நாற்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டிய மனிதர், அதை வாங்கிப் பார்த்துவிட்டு "பரவால்லடா" என்று சொன்ன நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்கு நான் என்ன கெடுதல் செய்வேன்? அவரை அடக்கம் செய்த மறுநாள், குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறியது நீ. பதினோரு வருஷமாகக் கோபப்பட வேண்டியது நான்.

உன் சிற்றுளி ஒன்று இங்கேயே கிடக்கிறது. வேண்டுமென்றால் சொல், அனுப்புகிறேன்.

ஆரின்

*

கெர்வில்
மார்ச் 24

அண்ணா,

ஆமாம், மாட்டுத் தலைதான். இரண்டு பக்கமும் நீளக் கொம்போடு. கொம்பைச் சுற்றிக் கொடியும் உண்டு. நன்றாக வயிற்றெரிச்சல் படு.

என்ன கெடுதல் செய்தேன் என்று கேட்கிறாயே, அதைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். எம்மெட் எடுத்து நீவிக் கொடுத்தார். "கத்தாதடி. அந்தாளுக்குப் புரியலைன்னு எழுதியிருக்கார்ல? புரியற மாதிரி எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "என் துப்பாக்கியில அம்மாவோட பூவைப் போட்டுக் குடு டாக்னி. பெருசா வேணாம், ஒரே ஒரு பூ. ஆரின்கிட்ட சொல்லாத, இரும்பு இரும்பாத்தான் இருக்கணும்னு சண்டைக்கு வருவான்" என்றார். அம்மாவின் பூ எதுவென்று உனக்கே தெரியும். ஜூன் பிறந்தால் போதும், ஒரு வேலையும் ஓடாமல் மலைச்சரிவுக்குப் போய், இலையே இல்லாமல் தரையோடு தரையாகப் பூத்திருக்கும் பிட்டர்ரூட் செடியின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாளே, அதேதான். நான் வேலையை ஆரம்பிப்பதற்குள் அப்பா போய்விட்டார்.

சாவுச் சாப்பாட்டில் ஊரே உட்கார்ந்திருக்க, நீ என்ன சொன்னாய்? "துப்பாக்கிக்குப் பூவேலை செய்யறது, எருமைக்கு லிப்ஸ்டிக் பூசற மாதிரி." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

மறுநாள் நீ குட்ரூன் அத்தையை பஸ் ஏற்றிவிடப் போயிருந்தாய். நான் அப்பாவின் துப்பாக்கியை எடுத்தேன். ஸ்லைடின் பக்கவாட்டில் வெள்ளைச் சாயம் தடவி, பூவை வரைந்து, மயிரிழைக் கோடாகப் பூவின் விளிம்பைக் கீறினேன். சாயத்தைத் துடைத்து வைத்துவிட்டு, இதழின் மடிப்பு சரியாக வரவேண்டுமே என்று நிஜப் பூ ஒன்றைப் பறிக்க மலைக்குப் போனேன். பூவோடு திரும்பி வந்து பட்டறைக் கதவைத் திறந்தால், ஸ்லைடு பளபளவென்று கிடக்கிறது. ஒரு கோடு இல்லை. நீ இரும்பு தேய்க்கும் கல்லைக் கழுவிக்கொண்டு நிற்கிறாய். நிமிர்ந்து பார்த்து, "காபி சுடச்சுட இருக்கு" என்கிறாய்!

அம்மாவின் பூவைத் தேய்த்து எடுத்துவிட்டு எனக்குக் காபி கொடுத்தாய். அதற்கு மேல் கருநீலத்தையும் ஏற்றி மூடியிருப்பாய். உன்னிடம் நான் என்னத்தைக் கேட்பது?

டாக்னி

*

லிவிங்ஸ்டன்
ஏப்ரல் 3

டாக்னி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டறையைப் பூட்டினேன். ஆற்றங்கரைவரை நடந்தேன். குளிரில் காது விறைத்துப்போனதும் திரும்பினேன். இப்போது எழுதுகிறேன்.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அதை நான் கீறல் என்று நினைத்தேன்.

அத்தையை ஏற்றிவிட்டு வந்தேன். அப்பாவின் துப்பாக்கி மேஜைமேல் கிடந்தது. எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தேன். பக்கவாட்டில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள். சாவுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு லார்ஸின் வாண்டுகள் முதல் நாள் முழுக்கப் பட்டறைக்குள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தன. ஆணியை வைத்துக் கிழித்துவிட்டன என்று நினைத்து, லார்ஸைத் திட்டிக்கொண்டே கல்லை எடுத்தேன். உனக்குத் தெரியும், இரும்பில் கீறலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. அது பூவா புல்லா என்று யோசிக்கவே இல்லை. சமமாக்கினேன். அப்பாவின் துப்பாக்கி மறுபடி சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

நீ அந்த வெள்ளைச் சாயத்தைத் துடைக்காமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்குமே! வரைந்த வேலையைத் துடைத்துவிட்டுப் போகிறவள் நீ ஒருத்திதான். உனக்கு எதிலும் சுத்தம்.

நீ போனது லிப்ஸ்டிக் பேச்சுக்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். அது சாவு வீட்டில் அழாமலிருக்க உளறியது. மறுநாள் காபி போட்டதே அதற்காகத்தான். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, காபி போட வரும். நீ வந்தாய். மேஜைமேல் ஒரு பூவை வைத்தாய். காபியைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாய். அந்தப் பூ எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்காகக் கொண்டுவந்திருப்பாய் என்று நினைத்து, சாயங்காலம் கல்லறையில் கொண்டுபோய் வைத்தேன்.

ஆரின்

*

கெர்வில்
ஏப்ரல் 12

அண்ணா,

எம்மெட் உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. "கீறல்னு நெனச்சாராம்! பதினோரு வருஷம்! ஒரு கேள்வி கேக்க உங்க வீட்டுல யாருக்குமே வாய் கெடையாதா? உருளைக்கிழங்கு ரொட்டி திங்கறதுக்கு மட்டும்தான் வாயா?" என்று கேட்டார். சிரிக்க ஆரம்பித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. நாய் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

எனக்கு உன்மேல் கோபமே இல்லை இப்போது. அது போன இடத்தில் என்ன வைப்பது என்றுதான் தெரியவில்லை, வீடு மாற்றின மறுநாள் மாதிரி இருக்கிறது. என் கல்யாணத்துக்கு நீ வரவில்லை, ஏனென்றால் நான் சொல்லவில்லை. உன் முழங்காலுக்கு ஆபரேஷன் ஆனதை யாரோ ஒரு வாடிக்கையாளர் சொல்லித் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் எழுதவில்லை. பூவைக் கொண்டுபோய் அம்மாவிடம் வைத்திருக்கிறாய். அந்த வரிக்கு நான் இன்னும் அழுதுகொண்டிருக்கிறேன், மை கலங்கியிருந்தால் மன்னித்துக்கொள்.

டாக்டரின் மாட்டுத் தலை முடிந்தது. கொம்பைச் சின்னதாக்கிவிட்டேன். உன் இரும்பை எவ்வளவு முடியுமோ அவ்வளவு காலியாக விட்டிருக்கிறேன். அப்படி ஒரு சமதளத்தில் சிற்றுளி வைக்க எனக்கே மனசு வரவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "கொம்பு போதாதோ?" என்றார். "இந்த இரும்புக்கு இது போதும் டாக்டர்" என்றேன். அவர் மனைவி அதைக் கையில் வாங்கி, விரல்களைச் சுற்றிப் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டாள். துப்பாக்கி கருநீலம் ஏற்ற உன்னிடம் திரும்பி வருகிறது.

எல்லாம் சரி. இப்போது உண்மையைச் சொல். மூன்று கோடும் இடப்பக்கம் ஏன் சாய்கிறது? நேர்கோடு எல்லோரும் கேட்கிறார்களாம்! யார் கேட்டார்கள், பெயரைச் சொல். ஒருமுறை கேட்காமல் விட்டதற்குப் பட்ட பாடு போதும். இனிமேல் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

டாக்னி

*

லிவிங்ஸ்டன்
மே 6

டாக்னி,

இதை இடது கையால் எழுதுகிறேன். முந்தைய இரண்டு கடிதங்களும் அப்படித்தான். அதற்கே உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். என் கையெழுத்து முன்பும் கோழி கிளறியதுபோலத்தான் இருந்ததால் தப்பித்தேன் போல.

வலது கை நடுங்குகிறது. இரண்டு குளிர்காலமாக. முதலில் சுண்டுவிரல் மட்டும் ஆடிற்று. பில்லிங்ஸில் டாக்டரைப் பார்த்தேன். அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். நின்றுபோகும் என்று சொல்லவில்லை.

இடது கையால் அரம் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். சமதளம் வருகிறது. விசை வருகிறது. பொருத்தம் வருகிறது, முன்பைவிட மெதுவாக. வைரக் கட்டம் வரவில்லை. ஒரு திசையில் கோடு இழுத்துவிடுவேன். குறுக்குக் கோட்டில் அரம் ஒரு மயிரிழை தாண்டினால் போதும், அத்தனையும் குப்பை. ஐந்து துப்பாக்கிச் சட்டத்தைக் குப்பையில் போட்டேன். மெக்ளாரியிடம் நேர்கோடுதான் நல்லது என்று சாதித்துவிட்டேன். பாவம், நம்பினார்.

அவருடையதுதான் கடைசி என்று முடிவு செய்திருந்தேன். கெர்வில்லில் பிரூவிட் என்பது யார் என்று எனக்குத் தெரியும். பூவேலைக்காரர்கள் பத்திரிகையில் உன் படம் வந்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாய். கடைசித் துப்பாக்கி ஒருமுறை உன் கையில் இருந்துவிட்டு வரட்டும் என்று நினைத்தேன். அதனால்தான் டாக்டர் விலாசத்தைச் சொன்னபோது வேறு ஆள் இருக்கிறார் என்று சொல்லவில்லை. பெட்டியை மூடும்போது எண்ணெய் கொஞ்சம் அதிகமாகவே பூசினேன்.

இன்னொன்று. அப்பாவின் துப்பாக்கிக்குக் கருநீலம் ஏற்றி மூடியிருப்பேன் என்று எழுதியிருந்தாய். இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே தொட்டியைச் சூடாக்கினேன். துப்பாக்கியைக் கம்பியில் மாட்டித் தொட்டிமேல் பிடித்தேன். இறக்க முடியவில்லை. லிப்ஸ்டிக் என்று சொன்னேனே, அதற்கு உன்னிடம் கேட்கவேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. நீ திரும்பி வந்தால் "இந்தா, இதில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்" என்று கொடுக்கலாம் என்று நினைத்தேன். பொறிக்கிறவளுக்கு வைக்கவேண்டிய மாதிரி வெள்ளையாகவே வைத்துவிட்டேன்.

இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. வெள்ளை இரும்பு சும்மா இருந்தால் துரு பிடிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சிலிருந்து வந்ததும் துடைத்து எண்ணெய் பூசிவிடுவேன். காய்ச்சலில் படுத்த ஞாயிறுகூட விட்டதில்லை. ஒரு பொட்டுத் துரு இல்லை, நீயே பார்க்கலாம்.

இனி எத்தனை நாள் நடுங்காமல் துடைப்பேன் என்று தெரியாது. பட்டறையை ஜூனில் மூடுகிறேன். அப்பாவின் துப்பாக்கியை உன் சிற்றுளியோடு சேர்த்துப் பார்சலில் அனுப்பிவிடட்டுமா?

ஆரின்

*

கெர்வில்
மே 14

அண்ணா,

அனுப்பாதே. பார்சலுமில்லை கிர்சலுமில்லை. அதைத் தபால்காரர் கையில் கொடுத்தாயானால், தொப்பியோடு சேர்த்து அதையும் காற்று கொண்டுபோய்விடும்.

நான் வருகிறேன். எம்மெட் லாரியில் என் மேஜையை ஏற்றிக்கொண்டிருக்கிறார். "குதிரை எல்லா ஊர்லயும் இருக்கு, லாடம் எல்லா ஊர்லயும் தேயும். உன் அண்ணன் அங்க மட்டும்தானே இருக்கார்?" என்றார். இப்படி ஒரு மனுஷனை உன்னிடம் காட்டாமல் இத்தனை நாள் இருந்திருக்கிறேன். நாயும் வருகிறது. குளிரைப் பற்றி அதனிடம் இன்னும் சொல்லவில்லை.

கடைசி, கடைசி என்று எழுதியிருக்கிறாயே, இன்னொரு தடவை எழுதினால் உன் தலையில் மாட்டுக் கொம்பைப் பொறிப்பேன். சமதளம் உன் கைக்கு வருகிறது. விசை வருகிறது. வராதது குறுக்குக் கோடு ஒன்றுதான். பத்துப் பதினைந்து வருஷமாக நான் வேறு என்னத்தைப் போட்டுக்கொண்டிருக்கிறேன்? நீ ஒரு திசையில் இழு, குறுக்கே நான் இழுக்கிறேன். அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு எந்த மாட்டு டாக்டராவது இரண்டு பேர் கை என்று கண்டுபிடிக்கட்டும் பார்க்கலாம். பிடிக்கட்டைக்கு அடியில் இனி ஆறு கோடு போடுவோம். மூன்று இந்தப் பக்கம் சாயட்டும், மூன்று அந்தப் பக்கம். உன் காற்று எந்தத் திசையில் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளட்டும்.

நாங்கள் ஜூன் முதல் தேதி, ஞாயிறு, நீ சர்ச்சிலிருந்து திரும்புவதற்குள் வந்துவிடுவோம். மலைச்சரிவில் அம்மாவின் பூ பூத்திருக்கும். நீ முன்னாடியே போய்ப் பறித்து வைத்துவிடாதே, சேர்ந்து போவோம். இந்தத் தடவை சாயத்தைத் துடைக்க மாட்டேன். "இது பூ, கீறல் இல்லை" என்று பக்கத்தில் பெரிதாக எழுதியும் வைக்கிறேன்.

காபி மட்டும் போட்டு வை. அன்றைக்குப் பாதியில் வைத்துவிட்டுப் போனதையும் சேர்த்துக் குடிக்கிறேன்.

அந்த ஞாயிறு துப்பாக்கிக்கு எண்ணெய் பூசாதே அண்ணா. நான் வந்து துடைக்கிறேன்.

உன் தங்கை,
டாக்னி